பாம்புக்கும் நமக்கும் நடுவில் நிற்பவர்

(செஞ்சியில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சியில் பாம்பு, முதலை, காடு என்று நிகழ்ச்சி நடத்துகிறவர்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கோட்டை ஊருக்கு வந்து தேசிங்கு ராஜனைப் பேசாமல் ஸ்டீவ் இர்வினைப் பேசுகிறானே என்று யாராவது முகம் சுளித்தால் எனக்கு வருத்தமில்லை. தேசிங்கைப் பேச இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சம் கிடையாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு வெளியூர்க்காரர்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாம்பைப் பேசத்தான் ஆளில்லை. இத்தனைக்கும் கோட்டை நிற்கும் ராஜகிரி மலை அடிவாரத்துப் பாறை இடுக்கிலும், மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையிலும், ஏரிக்கரை எலிவளையிலும் நமக்குத் தினசரி பக்கத்துவீடு அதுதான்.

முதலில் அந்தத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு நன்றியைச் சொல்லிவிடுகிறேன். கேபிள் இணைப்பு வருவதற்கு முன் தமிழனுக்குப் பாம்பைப் பாடம் நடத்தியது சினிமா. 1979-இல் 'நீயா?' வந்தது. 1990-இல் இராம நாராயணனின் 'ஆடி வெள்ளி'. பாம்பு பால் குடிக்கும், ஆளை அடையாளம் வைத்திருக்கும், பன்னிரண்டு வருஷம் ஆனாலும் பழிவாங்கும் என்று கூத்துக் கொட்டகைக் காலத்திலிருந்து கேட்டுவந்த கதைக்கெல்லாம் திரையில் கலர் பூசிக் காட்டினார்கள். பாம்பு ஒன்று தெய்வமாக இருந்தது, இல்லாவிட்டால் வில்லனாக இருந்தது. அதற்கு இரைப்பை உண்டு, வெயில் அடித்தால் நிழல் தேடும், முட்டையிடுவதும் உண்டு, குட்டி போடுவதும் உண்டு என்று சொல்ல ஆளில்லை.

அதை நம் வீட்டுக் கூடத்தில் வந்து சொன்னவர்களில் முதல் வரிசை ஆள் அந்தக் காக்கிச் சட்டை, அரைக்கால் சட்டை ஆஸ்திரேலியர். இர்வின் 1962-இல் பிறந்தவர். அவருடைய அப்பா 1970-இல் குயின்ஸ்லாந்தில் பீர்வா என்னும் ஊரில் ஊர்வனப் பூங்கா ஒன்றைத் தொடங்கினார். பையன் பாம்போடும் முதலையோடும் வளர்ந்தான். 1992-இல் கல்யாணம் ஆனதும் தேனிலவுக்குப் போன இடத்தில் முதலை பிடித்தார்கள், அதைப் படமெடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1996-இல் தொடங்கிய 'குரோகடைல் ஹண்டர்' தொலைக்காட்சித் தொடர். கண்ணை அகல விரித்து, பாம்பைப் பார்த்து, என்ன அழகு பாருங்கள் என்று அவர் சொல்லும்போது அது நடிப்பில்லை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அருவருத்து ஒதுக்கிய ஒரு பிராணியை அழகு என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். சம்பாதித்த பணத்தில் காட்டு நிலம் வாங்கி அதைக் காடாகவே விட்டவரும் அவர்தான்.

அதற்கு மேல்தான் என் சண்டை ஆரம்பம்.

2006 செப்டம்பர் 4-ஆம் தேதி இர்வின் செத்துப்போனார். குயின்ஸ்லாந்துக் கடலில் பேட் ரீஃப் என்ற பவளத்திட்டில் ஒரு படத்துக்காக நீரில் இறங்கியிருந்தபோது திருக்கை மீன் வாலால் குத்தியது. மரக்காணம் பக்கம் போய் மீனவர்களைக் கேளுங்கள், திருக்கை முள்ளின் வலியைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் மார்பில் குத்தி ஆள் சாவது மிக அபூர்வம். உலகமே அழுதது. ஆஸ்திரேலியப் பெண்ணியச் சிந்தனையாளர் ஜெர்மெய்ன் கிரீர் மட்டும், விலங்குலகம் கடைசியில் பழிதீர்த்துக்கொண்டது என்கிற பொருளில் எழுதி எல்லோரிடமும் திட்டு வாங்கினார். அவ்வளவு படித்த அம்மையார் எழுதியதைப் பார்த்தால் இராம நாராயணன் படத்துக் கதை மாதிரியே இருக்கிறது. மீனுக்குப் பழியும் தெரியாது, வழக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அடுத்த சில நாட்களில் குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் திருக்கைகள் செத்து ஒதுங்கின. குறைந்தது 10. சிலவற்றின் வால் வெட்டப்பட்டிருந்தது. இர்வின் சாவுக்கு ரசிகர்கள் பழிவாங்கியிருக்கிறார்களோ என்று அந்த நாட்டு அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். அவருடைய அமைப்பைச் சேர்ந்தவர்களே முன்வந்து, இதைச் செய்யாதீர்கள், இது அவருக்குப் பிடித்த காரியமில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்து வருஷம் ஒருவர் தொண்டை கிழிய, விலங்கை நேசியுங்கள் என்று சொன்னார். கேட்டவர்கள் யாரை நேசித்தார்கள்? அவரை. எல்லோரும் திருக்கையை வெட்டப் போகவில்லை, அந்தச் சந்தேகம் உண்மையென்றாலும் சில கிறுக்கர்கள்தான். ஆனாலும் அந்தக் கிறுக்கு எங்கே முளைத்தது என்று பார்க்க வேண்டாமா? திரையில் பாம்பு வருகிறது, அதற்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். வாலைப் பிடித்துத் தூக்குகிறார், அது சீறுகிறது, அவர் பின்வாங்குகிறார், நமக்கு மூச்சு நிற்கிறது. நாம் கவலைப்படுவது பாம்புக்காகவா? அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்றுதானே? பாம்பு அங்கே எதிராளி. தெய்வ வேஷத்தைக் கலைத்துவிட்டு அதற்கு மல்யுத்தக்காரன் வேஷம் போட்டுவிட்டார்கள். அந்தப் பாம்பு பாட்டுக்குத் தன் வளையில் கிடந்தது. இழுத்துப் போட்டால் சீறாமல் என்ன செய்யும்? அந்தச் சீறலை 'ஆக்ரோஷம்' என்று பின்னணிக் குரல் சொல்கிறது.

2004 ஜனவரியில் இர்வின் ஒரு கையில் பிறந்து ஒரு மாதமான தன் மகனை வைத்துக்கொண்டு மறு கையால் முதலைக்குக் கோழி கொடுத்ததும், ஊரே கூச்சல் போட்டதும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முதலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் அவர் சொன்ன சமாதானம். அவருக்குத் தெரிந்தே இருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்த கோடிப் பேருக்குத் தெரியாதே.

இன்னொரு கணக்கும் உண்டு. 'உலகின் கொடிய பத்துப் பாம்புகள்' என்று இவர்கள் அடுக்குவார்களே, அந்த வரிசையில் முதலில் நிற்பது ஆஸ்திரேலிய உள்நாட்டுத் தைப்பான். ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிக்கு ஊசி போட்டு, எத்தனை சிறு அளவு நஞ்சில் சாகிறது என்று பார்த்து வந்த வரிசை அது. அந்தத் தைப்பான் ஆள் நடமாட்டமே இல்லாத வறண்ட பூமியில் கிடக்கிறது, மனிதனைப் பார்ப்பதே அபூர்வம். ஆஸ்திரேலியா முழுவதும் வருஷத்துக்குப் பாம்பு கடித்துச் சாகிறவர்கள் இரண்டு மூன்று பேர். நம் நாட்டில்? 2000-இலிருந்து 2019 வரை பாம்புக்கடியால் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், வீட்டில், கழனியில். அவர்களைக் கொன்றவற்றில் பெரும்பகுதி நான்கே வகை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

இரண்டு பேர் சாகிற நாட்டில் பாம்போடு விளையாடுவதை, 58,000 பேர் சாகிற நாட்டில் தமிழ்க்குரல் கொடுத்து ஒளிபரப்பினார்கள். குரல் மாறியது, பாடம் மாறவில்லை. கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் பாய் போட்டுப் படுத்தவனைக் கடிக்கும், வலியே தெரியாமல் இருக்கலாம், விடியும்போது கண் இமை தொங்கும், வயிறு வலிக்கும் என்று எந்தச் சாகசக்காரர் சொன்னார்? அதில் கேமராவுக்கு என்ன இருக்கிறது? பாம்பும் தெரியாது, கடிவாயும் சரியாகத் தெரியாது.

பியர் கிரில்ஸைப் பற்றியும் கேட்பீர்கள். பிள்ளைகள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது. அவரை நான் வன உயிர்க் கணக்கில் சேர்ப்பதில்லை, அவர் சர்க்கஸ் கணக்கு. காட்டில் உயிர் பிழைக்கிறேன் என்று நிகழ்ச்சி நடத்தியவர் சில இரவுகள் விடுதியில் தங்கினார் என்று 2007-இலேயே செய்தி வந்துவிட்டது. 2019-இல் பிரதமர் அவரோடு கார்பெட் காட்டுக்குப் போனார். 2020-இல் நம் ரஜினிகாந்த் பந்திப்பூருக்குப் போனார், அது மார்ச் 23-ஆம் தேதி ஒளிபரப்பானது, மறுநாள் ராத்திரியிலிருந்து நாடே ஊரடங்கில் முடங்கியது. ரஜினியைப் பார்த்தோம், ரசித்தோம். பந்திப்பூரைப் பார்த்தோமா? அந்தக் கிரில்ஸ் ஒருநாள் ராஜகிரிக்கு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 800 அடிப் பாறையில் கயிறு கட்டித் தொங்கி, வியர்த்து, புழுவைத் தின்று மேலே போய்ச் சேர்வார். அங்கே கமலக்கண்ணி அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் படிக்கட்டு வழியாக ஏறிவந்த நம் ஊர்ப் பாட்டி, யாருப்பா நீ, தண்ணி வேணுமா என்று கேட்பாள்.

இந்தச் சத்தமெல்லாம் இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. இயற்கைப் படங்களின் தொகுப்பாளர் டேவிட் அட்டன்பரோ 2008-இல் ஊர்வனவற்றையும் தவளை போன்ற நீர்நில வாழ்வனவற்றையும் பற்றி ஒரு தொடர் செய்தார். ஓரமாக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசிவிட்டு விலகிக்கொள்வார். பிராணி தன் வேலையைச் செய்யும். எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் படத்தில் கழனி கிடையாது, களை எடுக்கிற பெண்கள் கிடையாது. மனிதனே இல்லாத பூமி போல ஒன்றைக் காட்டுவார். நமக்கு அந்த வசதி இல்லை. நம் நாட்டுப் படக்காரர் மைக் பாண்டேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். குஜராத் கரையில் திமிங்கிலச் சுறாவைக் கொல்வதை அவர் படமாக்கினார். 2001-இல் அந்த மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் எந்தச் சுறாவோடும் கட்டிப் புரளவில்லை.

பக்கத்துக் கேரளத்துக்கு வருவோம். வாவா சுரேஷ் அங்கே பெரிய பெயர். ஆயிரக்கணக்கில் பாம்பு பிடித்தவர், தொலைக்காட்சியில் அவரை வைத்தே நிகழ்ச்சி நடந்தது. ஏழை வீடு, பணக்கார வீடு பார்க்காமல் கூப்பிட்ட குரலுக்குப் போனவர் என்ற நல்ல பெயரும் உண்டு. வெறுங்கையால் பிடிப்பார், சுற்றி ஊரே நிற்கும், வாலைப் பிடித்துக்கொண்டே பிரசங்கம் செய்வார். 2022 ஜனவரி 31 அன்று கோட்டயம் பக்கம் ஒரு நல்ல பாம்பைச் சாக்கில் போடும்போது தொடையில் கடித்தது. மருத்துவர்கள் போராடிப் பிழைக்க வைத்தார்கள். அதற்கு முன்பே, 2020-இல், கேரள வனத்துறை பாம்பு பிடிக்கிறவர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தரும் முறையைக் கொண்டுவந்திருந்தது. அதில் சொல்லித்தரும் வழி மிக எளிது. ஒரு பையின் வாயில் குழாய் ஒன்றைச் செருகித் தரையில் வைக்க வேண்டும், கொக்கிக் கம்பியால் பாம்பை மெதுவாக அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். பாம்புக்கு இருட்டுப் பொந்து என்றால் பிடிக்கும், தானே உள்ளே போய்விடும். பையைக் கட்டினால் வேலை முடிந்தது. பார்க்கச் சப்பென்று இருக்கும். அதுதான் நல்ல முறை என்பதற்கு அதுவே அத்தாட்சி. இன்றைக்கு நம் பையன்கள் கைப்பேசியில் போடுகிற வீடியோவில் குழாயையும் பையையும் பார்த்திருக்கிறீர்களா? படம் விரித்த நல்ல பாம்பின் தலையில் முத்தம் கொடுக்கிறான். அவனுக்கு ஆசிரியர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் வீட்டு விஷயம். இதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இரண்டு தமிழர்களை வரவழைத்தது. வளர்க்கிறேன் என்று வாங்கி வந்து காட்டில் விட்டதால் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே ஒரு மாதப் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டு 106 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து போன மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர் பழங்குடியினர் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பிடித்துவிட்டார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கிக் கிடந்தது. அங்கே வேட்டைக்காரர்கள் காரில் உட்கார்ந்து சாலையோரம் தேடுவார்களாம். இவர்கள் காரை விட்டு இறங்கி, கடப்பாரையோடு புதருக்குள் போனார்கள். புல் சாய்ந்திருப்பதைப் பார்த்தார்கள், மண்ணில் தேய்ந்த தடத்தைப் பார்த்தார்கள், எச்சத்தைப் பார்த்தார்கள். ஆயிரம் பேர் பார்க்காததை இரண்டு பேர் பார்த்தார்கள்.

2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது ஒன்று கேட்கிறேன், பிள்ளைகளே. இர்வினைத் தெரியுமா என்றால் எல்லோரும் கை தூக்குவீர்கள். மாசி சடையனின் முகத்தைத் தெரியுமா?

உங்களைக் குறை சொல்லவில்லை. காட்டினால்தானே தெரியும். உலகத் தொலைக்காட்சிகள் இருளர்களைப் படமெடுக்காமல் இல்லை. நிறைய எடுத்திருக்கின்றன. அதில் அவர்கள் கையாக வருவார்கள், முதுகாக வருவார்கள். கை வளையைத் தோண்டும், பாம்பு வெளியே வரும், உடனே கேமரா வெள்ளைக்காரர் முகத்துக்குத் திரும்பும். பேசுவது அவர்தான். பெயர் கூடப் பல படங்களில் வருவதில்லை, 'உள்ளூர்ப் பழங்குடியினர்' என்பதோடு சரி.

இதில் ரோமுலஸ் விட்டேகர் கொஞ்சம் வேறு ரகம். 1943-இல் நியூயார்க்கில் பிறந்து, கொடைக்கானலில் படித்து, மியாமியில் பாம்பு நஞ்சு எடுக்கும் இடத்தில் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். 1972-இல் கிண்டியில் பாம்புப் பண்ணை, 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. அதே காலத்தில்தான் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டு இருளர்களின் பிழைப்பு போனது. தோலுக்காகப் பிடித்தவர்கள் நஞ்சுக்காகப் பிடிக்கட்டும் என்று 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாக அவர் துணை நின்றார். சங்கத்தில் பாம்பை மூன்று வாரம் வைத்திருந்து, சில தடவை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் திரும்ப விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து பிரிப்பதுதான் நம் அரசு மருத்துவமனையில் போடுகிற பாம்புக்கடி மருந்து. இந்தியாவுக்கு வேண்டிய நஞ்சில் பெரும் பங்கு அந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. விட்டேகரும் தொலைக்காட்சிக்காரர்தான். ராஜநாகம் பற்றிய அவர் படம் எம்மி விருது வாங்கியது. ஆனால் 2011-இல் வந்த படத்தில் அவர் பாம்போடு பாம்புக்கடியையும் பேசினார், யார் கடிபடுகிறார்கள், ஏன் சாகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் காட்டினார். பாம்பைப் பற்றித் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருளர்கள் என்று வாய் நிறையச் சொல்கிறவர். அவருக்குப் பத்மஸ்ரீ 2018-இல் வந்தது, ஆசான்களுக்கு ஐந்து வருஷம் கழித்து வந்தது. அது அவர் குற்றமில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் இருளர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. செங்கல் சூளையில், அரிசி ஆலையில், ஏரிக்கரைக் குடிசையில் இருக்கிறார்கள். வயலில் எலி பிடிக்க அவர்கள்தான் வேண்டும். வீட்டில் பாம்பு புகுந்தால் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் பெரிய வீட்டுக்குள் பாம்பு பிடிக்கப் போனவன்மேல்தான் பிறகு திருட்டுப் பழி விழுகிறது. படம் என்று தள்ளிவிட முடியுமா? பாம்பு இருக்கும்வரை உள்ளே வா, பாம்பு போனதும் பீரோவைப் பார். இந்தப் பார்வையோடு வளர்ந்த நமக்கு, அதே வேலையைக் காக்கி அரைக்கால் சட்டையோடு ஒருவர் செய்தால் வீரமாகத் தெரிகிறது.

ஏன் இருளரைத் தொகுப்பாளராக்கவில்லை என்று ஒரு தொலைக்காட்சி நண்பரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சொன்ன பதில் நேர்மையானது: அவங்க பிடிக்கிறதுல ஒண்ணுமே நடக்காதுங்க. உண்மைதான். நாள் பூராவும் நடப்பார்கள். பத்து வளையைப் பார்த்து ஒன்பதை விட்டுவிடுவார்கள். பத்தாவதின் வாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்து உட்காருவார்கள். தோண்டினால் பாம்பு இருக்கும். சீறுவதற்குள் பைக்குள் போய்விடும். பரபரப்பு உண்டாகவில்லை என்றால் கைக்காரன் தேர்ந்தவன் என்று பொருள். இர்வின் நிகழ்ச்சியில் பாம்பு நாலு தடவை பாய்ந்தது என்றால், நாலு தடவை பாயும்படி அதைத் தொந்தரவு செய்தார்கள் என்றுதான் பொருள்.

ஆனால் அந்த ஒன்பது வளைகள் இருக்கின்றனவே, எனக்கு வேண்டிய நிகழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. ஏன் விட்டாய்? இது எலி வளை, இது நண்டு வளை, இதில் பாம்பு இருந்து போய்விட்டது, நேற்று மழைக்குப் பிறகு எதுவும் வரவில்லை. இதை அவர் தன் பேச்சிலேயே சொல்லட்டும், இலக்கணத் தமிழில் குரல் சேர்க்க வேண்டாம். மல்லாட்டை பிடுங்குகிற பருவத்தில் எடுங்கள். கொடியைக் கை விட்டு அள்ளும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டட்டும். வைக்கோல் போரை எந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும், அடுக்கிய விறகை எப்படி எடுக்க வேண்டும், கண்ணாடி விரியன் குக்கர் மாதிரிச் சத்தம் போட்டால் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லட்டும். கடிபட்டவரைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டாமல், கத்தியால் கீறாமல், மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவதை ஒரு முழு வாரம் காட்டட்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அது எத்தனை பேருக்குத் தெரியும்? அதையும் அந்த இருளரே சொல்லட்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு, பெயர் முதலில் வரும்படி.

இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு விளம்பரம் யார் கொடுப்பார்கள் என்றும் அந்த நண்பர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் கையில் டார்ச் லைட் வேண்டும். கழனியில் இறங்குகிறவன் காலில் முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும். தரையில் படுக்கிறவன் பாயைச் சுற்றிச் செருகிய கொசுவலை வேண்டும். கட்டுவிரியனுக்கும் கொசுவுக்கும் அது ஒன்றாகவே தடை. மூன்று கம்பெனிக்காரர்கள் போதும், போய்க் கேளுங்கள் என்றேன்.